டெஸ்ஸாவுக்காக வந்தவர்

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். போன பிப்ரவரியில், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில், என் கண்ணால் பார்த்தது இது. ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. குறைக்கத்தான் ஆசை. என் தப்பும் இதில் இருக்கிறதே!

டெஸ்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. அப்பா வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். பெற்றோரின் வருமானத்தைக் காட்டாமல் அந்த வயதில் அரசாங்க உதவி கிடைக்காது. அவளைப் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. அவளை உட்காரவைத்து விசாரித்து, நான் கையெழுத்துப் போட்டாலே போதும். ஆனால் ஆதாரம் இல்லாமல் கையெழுத்துப் போட்டு, முந்தைய வருடத் தணிக்கையில் வாங்கிய அடி எனக்கு மறக்கவில்லை.

"உன் நிலைமை தெரிஞ்ச வெளியாள் யாராவது வந்து சொல்லட்டும்மா."

"கார்ல தூங்கறேன், மிஸஸ் ஹாகன். யாருக்குத் தெரியும்? அணிலுக்குத் தெரியும். கூட்டிட்டு வரவா?"

பக்கத்து மேஜை ப்ரெண்டா சிரித்தாள். "அணிலுக்கு அடையாள அட்டை இருக்கான்னு பாத்துக்கோ. இவ அதையும் கேப்பா!"

நானும் சிரித்தேன். டெஸ்ஸாவும் சிரித்தபடியேதான் போனாள்... கையுறைகூட இல்லாமல்.

மூன்றாம் நாள் பனிப்புயல். மதியமே கல்லூரியை மூடிவிட்டார்கள். ப்ரெண்டா கிளம்பியதும் வெளிக்கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, என் கணவரின் காருக்காகக் காத்திருந்தேன். மணி மூன்று பத்து.

வாசலில் பனி வாரும் வண்டியின் சத்தம். கர்ர்ர்... கர்ர்ர்... நின்றது.

நிமிர்ந்தேன். கவுன்ட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர். அறுபது வயது இருக்கும். ஆரஞ்சு நிறக் குளிர்சட்டை.

"டெஸ்ஸாவுக்காக வந்தேன். ஆள் வேணும்னீங்களாமே."

"உள்ள எப்படி வந்தீங்க?"

கண்ணாடியை நெருங்கி வந்தார்.

"பின்சீட்டுல கம்பளி. கப்புல டூத்பிரஷ். கார் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி உறைஞ்சிருந்துது. அவ விட்ட மூச்சு அது. அந்தப் பொண்ணு அங்கதான் இருந்தா. போதுமா?"

"போ... போதும். உங்க பேரு?"

"ஆர்வில். கையெழுத்தப் போடுங்க. இப்பவே."

போட்டேன்.

அவருடைய கையுறை முழுக்கக் கண்ணாடித் துகள்கள். தோளில் பனி. ஹீட்டரின் அத்தனை சூட்டிலும் அது உருகவே இல்லை...

அவர் பேசப் பேச, கவுன்ட்டர் கண்ணாடி என் பக்கம் பனி படர்ந்து வெளுத்திருந்தது.

துடைத்தேன்.

யாரும் இல்லை.

கதவு பூட்டியபடி இருந்தது.

வெளியே முழங்கால் அளவு பனி. ஒரு சக்கரத் தடம்கூட இல்லை.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து டெஸ்ஸா பேசினாள். குரல் கம்மியிருந்தது.

"விறைச்சுப் போய்க் கிடந்தேனாம், மிஸஸ் ஹாகன். பனி வார்றவர் ஒருத்தர் கார் கண்ணாடிய ஒடைச்சு இழுத்துப் போட்டாராம். சாட்சிக்கு ஆள் கிடைக்கல. இன்னும் ரெண்டு நாள் தருவீங்களா?"

அந்த நிலையிலும் என்னிடம் தவணை கேட்கிறாள்!

"தேவையில்லம்மா. நேத்து மூணு மணிக்கு அவரே வந்து சொல்லிட்டாரு. ஆர்வில். நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அவரு பேரு ஆர்வில்தான்," என்றாள்.

"நேத்து விடிகாலைல என்ன வெளிய இழுத்ததுமே அவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாராம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சாம்..."

மூச்சு வாங்கினாள்.

"நான் நினைவில்லாமக் கிடந்தேன். அவர்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசல. சாட்சி வேணும்னு நீங்க கேட்டத, அவருக்கு யாரு சொன்னது?"