செமியா, ஃபுல்லியா

என் காரை வாங்கிய நாளிலிருந்து அதன் பானெட்டைத் திறந்து பார்த்தவர் ஒரே ஒருவர்தான். கிள்ளானில் வர்க்‌ஷாப் வைத்திருந்தார். எனக்கு உறவுக்காரர் இல்லை. என் கணவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு தனியாகக் கடை போட்டவர். கணவர் திடீரென்று இறந்தபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவதிலிருந்து காரியம் முடிகிறவரை எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. மகள் பெரியவளானபோது தாய்மாமன் தட்டைத் தூக்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே, மனைவியோடு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், மகளுக்கு மாமா.

வாடகைக்குக் கார் ஓட்டலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். "கைபேசில ஆர்டர் வரும், ஏத்தி இறக்கி விடு, யாருக்கும் பதில் சொல்ல வேணாம்லா" என்றார். பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, என்ஜினைக் காது வைத்துக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று வாங்க வைத்தார். பண்டமாரானில் இருந்து விடியும்போதே கிளம்புவேன். பிரிக்ஃபீல்ட்ஸ், பங்சார், சில நாள் விமான நிலையம். வெயிலிலும் நெரிசலிலும் நாள் முழுக்க ஓட்டம்.

முதல் தடவை கருப்பெண்ணெய், அதாவது என்ஜின் ஆயில், மாற்றப் போனபோது கேட்டேன்: "செமி ஊத்தலாமா, ஃபுல்லியா அண்ணே?"

என்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயில் செமி என்பது கலப்பு. ஃபுல்லி முழுக்கச் செயற்கையாகத் தயாரித்தது. விலை கூடுதல், நீண்ட நாள் உழைக்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"செமி வீட்டுக்கும் ஆபிசுக்கும் ஓட்டுறவங்களுக்கும்மா," என்றார் அவர். "நீ ஜாம்ல நிக்கிறவ. என்ஜின் கொதிச்சிக்கிட்டே கிடக்கும். ஃபுல்லி ஊத்து. செமியவிட ரெட்டிப்புத் தூரம் ஓட்டலாம், அடிக்கடி இங்க வந்து வேலையக் கெடுத்துக்க வேணாம்."

நியாயமாகப் பட்டது. ஃபுல்லி என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் தேநீர் குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது வேலை முடிந்திருக்கும். காலி பாட்டில்களை வரிசையாக மேசைமேல் வைத்திருப்பார். இப்படியே சில வருஷங்கள் போயின.

கார் நின்றது ஃபெடரல் நெடுஞ்சாலையில், சுங்கை வே பக்கம். எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தது. அடுத்த நிமிடமே உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். பின்சீட்டில் இருந்த பெண் நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாலை ஓரத்தில் மன்னிப்புக் கேட்டு அவளை வேறு காரில் ஏற்றிவிட்டேன். அவள் போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இழுவை லோரிக்காரர் பக்கத்திலேயே, சுங்கை வேயில், தனக்குத் தெரிந்த வர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். அந்தக் கடைக்காரர் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, விளக்கை உள்ளே காட்டினார். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் தார் அப்பியிருந்தது. விரலால் வழித்தார்; விரலை விட்டு இறங்கவில்லை.

"கடைசியா எப்பக்கா மாத்துனீங்க?"

சொன்னேன்.

"என்ன எண்ணெ?"

"ஃபுல்லி."

அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஃபுல்லி ஊத்துன என்ஜின் இப்படி இருக்காது," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊற்றியது என் அண்ணன் என்றேன். அவர் முன்னாலேயே அண்ணனைக் கைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னதும் அண்ணன் கொஞ்சமும் தயங்கவில்லை. "பொம்பளையாளு தனியா நிக்கிறன்னு கதை விடுறான்மா. எதையும் தொட விடாத. வண்டிய இழுத்துக்கிட்டு இங்க வந்துடு."

அதே லோரியில் காரைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். கிளம்பும்போது அந்தக் கடைக்காரரிடம் நன்றிகூடச் சொல்லவில்லை. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கிள்ளானில் அண்ணன் கடையில் இல்லை. சாமான் வாங்கப் போயிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து புதிதாகச் சேர்ந்த ஓர் ஆள்தான் இருந்தார். முப்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேர்த்துப் போயிருக்கீங்களேக்கா, உள்ள வந்து உக்காருங்க" என்றார். பின்கட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே ஓர் இரும்பு ட்ரம். பக்கத்தில் ஃபுல்லி பாட்டில்கள், எல்லாம் மூடி திறந்தவை. அவர் பேசிக்கொண்டே புனல் வைத்து ட்ரம்மிலிருந்து பாட்டிலில் எண்ணெய் பிடித்தார்.

"இது என்ன எண்ணெ தம்பி?"

"செமிக்கா. ட்ரம்ல வர்றது."

"ஃபுல்லி பாட்டில்ல ஊத்துறீங்க?"

அவர் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "தெரிஞ்சவங்க வண்டிக்கு இதுதாங்க்கா. முதலாளி அப்படித்தான் சொல்லியிருக்காரு. வெளியாளு வந்தா சீல் உடைக்காத பாட்டிலு அந்த அலமாரில இருக்கு. அவங்க முன்னாடியே உடைச்சு ஊத்தணும்."

நான் அந்த அலமாரியைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் புதுப் பாட்டில்கள் பளபளவென்று அடுக்கியிருந்தன.

அண்ணன் பிளாஸ்டிக் பையில் தேநீரோடு வந்தார். எனக்கும் சேர்த்து வாங்கியிருந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆளை முன்பக்கம் போகச் சொன்னார்.

"செமியும் நல்ல எண்ணெதாம்மா," என்றார்.

"அப்ப செமின்னே சொல்லியிருக்கலாமே அண்ணே. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? சீக்கிரம் சீக்கிரமா வந்து மாத்திக்கிட்டுப் போயிருப்பேனே. ரெட்டிப்புத் தூரம் ஓட்டலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் தேநீர்ப் பையை ஆணியில் மாட்டினார். "கடை வாடகை, ஆளு சம்பளம்… உனக்குத் தெரியாதும்மா."

"இப்ப போன்ல அந்தக் கடைக்காரன் கதை விடுறான்னு சொன்னீங்களே?"

அவர் குனிந்து திறந்து கிடந்த பாட்டில்களுக்கு மூடி போடத் தொடங்கினார்.

"யாருன்னே தெரியாதவனுக்கு நல்ல எண்ணெ. எனக்கு ட்ரம்மா?"

"அவன் பக்கத்துல நின்னு பாப்பான்," என்றார். "நீ பாக்க மாட்டியே."

குத்திக் காட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தாலும், பொய் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். வாசலுக்கு வந்து, லோரிக்காரரிடம் காரை இறக்க வேண்டாம் என்றேன். "எங்கக்கா?" என்று கேட்டார். "வந்த இடத்துக்கே" என்றேன்.

சுங்கை வே கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. கேட்டை அகலத் திறந்துவிட்டார். என்ஜின் தேறாது என்று இரண்டாம் நாள் தெரிந்தது. வேறு காரிலிருந்து கழற்றிய என்ஜின் ஒன்றைத் தேடிப் போட்டார். அது கிடைக்கும்வரை தெரிந்தவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் காய்கறி வெட்டினேன். வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் கிரில் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் செருப்போடு நின்றார்.

"என்ஜின் நான் போட்டுத் தர்றேம்மா. ஒரு காசு வேணாம்."

"போட்டாச்சு அண்ணே."

"அப்ப நான் என்னதாம்மா செய்யணும்?"

எனக்குத் தெரியவில்லை. அவர் செய்யக்கூடியது எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. 'அண்ணே' என்று வாய் பழக்கத்தில் கூப்பிட்டது வேறு என்மேலேயே எரிச்சலை மூட்டியது. அவர் போன பிறகு, கணவர் இறந்த அன்று அவர் ஆஸ்பத்திரியில் ஓடியாடியதை நினைத்துப் பார்த்தேன். அதுவும் பொய்யா? இல்லை. அது உண்மை என்றுதான் இன்றும் நம்புகிறேன். உண்மையாகவே ஓடிய அந்த மனிதர்தான் ட்ரம்மிலிருந்தும் ஊற்றினார். பொய் என்றால் மறந்துவிடலாம். இதை என்ன செய்வது?

இப்போது செமிதான் ஊற்றுகிறேன். சுங்கை வே கடைக்காரரும் என் ஓட்டத்துக்கு ஃபுல்லிதான் நல்லது என்கிறார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் என்னால் முடியவில்லை. செமி என்றால் சீக்கிரம் மாற்றிவிடுவேன். யார் சொல்லையும் நம்பி நீண்ட தூரம் போக வேண்டியதில்லை. அவர் பாட்டிலை எடுத்ததும் நான் எழுந்து பக்கத்தில் போய் நிற்பேன். முதல் தடவை அவர் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. நல்ல மனிதர். எந்தத் தப்பும் செய்யாதவர்.

அவர் பாட்டில் மூடியின் சீலை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு உடைத்தார். எண்ணெய் தேன் நிறத்தில் இறங்கியது. கடைசிச் சொட்டு விழுகிறவரை நான் அங்கேயே நின்றேன்.