ஆகாயத்திலிருந்து பார்த்தால் தரிசு

பாரிஸில் ஒரு விண்வெளிக் கூட்டத்துக்குப் போய்விட்டு நான் குடியிருக்கும் துலிப் தேசத்து ஹார்லெமுக்குத் திரும்பிய அன்று, என் பால்கனித் தொட்டியிலிருந்த பூண்டுச் செடிகளைக் காணவில்லை. அந்த இடத்தில் ஊதாப் பூக்களோடு வேறொரு செடி நின்றது. கீழ்வீட்டு வில்மாவிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தபால்காரம்மா, நல்ல மனுஷி. கதவைத் திறந்ததுமே என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாமர், டோட்" என்றார். டோட் என்றால் செத்துவிட்டது. யாமர் என்பது இந்த நாட்டுக்காரர்கள் பேருந்தைத் தவறவிட்டாலும், விருந்தன்று மழை பெய்தாலும், அடுத்தவர் செடி பட்டுப்போனாலும் ஒரே குரலில் சொல்கிற வார்த்தை. அடடா, பாவம் என்று நாம் சொல்வோமே, அதை நன்றாகக் கழுவிக் காயவைத்தது மாதிரி. நான் படியிறங்கி ஓடி, குப்பைத்தொட்டிக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவி, மஞ்சளான இலைத்தாள்களோடு என் பூண்டுகளை எடுத்தேன். எல்லாம் முற்றிய பூண்டு. தாள் மஞ்சளானால் வெட்டப் பதம் என்று அர்த்தம், செத்தது என்று அர்த்தமில்லை என வில்மாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் செத்த செடியையும் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார்.

வில்மாவை அன்றே மன்னித்துவிட்டேன். அவர் செடியைப் பார்த்தார், தவறாகப் புரிந்துகொண்டார், அதோடு சரி. இதே தவற்றைச் செய்த இன்னொரு ஆள் உண்டு. அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. பெயரை எழுதமாட்டேன். என் எழுத்தில் அவர் பெயர் அச்சாகி அவருக்கு ஒரு பெருமை சேர்வதில் எனக்கு விருப்பமில்லை. தலைவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிறுவனத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

என் பிழைப்பு என்ன என்று கொடைக்கானல் மலையில் என் ஊரான பூம்பாறையில் யாராவது கேட்டால் என் அண்ணன் செல்வராசு, "ராக்கெட்டப் பத்தி எழுதுது" என்று முடித்துக்கொள்வான். பாதி உண்மை. இங்கே ஒரு பொதுப் பத்திரிகைக்கு விண்வெளியைப் பற்றி எழுதுகிறேன். பல் மருத்துவர் வீட்டு முன்னறையில் கிடக்குமே, சமையல் குறிப்புக்கும் சுற்றுலா விளம்பரத்துக்கும் நடுவில் நாலு பக்கம் அறிவு வைத்திருக்கும் பத்திரிகை, அப்படி ஒன்று. ராக்கெட்டைவிட அதற்குப் பின்னால் இருக்கும் சட்டதிட்டங்கள்தான் எனக்குப் பிடித்தவை. நிலவில் தோண்டினால் அது யாருக்குச் சொந்தம், உடைந்த செயற்கைக்கோளை யார் பொறுக்குவது என்பது மாதிரி. மேலேயிருந்து ஒரு நாட்டைப் படம் பிடிக்க அந்த நாட்டிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை என்பது உலக நடைமுறை. ஆகாயத்துக்கு வேலி கிடையாது என்று அதைப் பாராட்டி நானே ஒருமுறை உருகி எழுதியிருக்கிறேன். அந்தப் பார்வை எங்கள் வீட்டுப் படிவயலின் மேல் விழும்வரை உருகிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்களுக்குப் பூம்பாறைச் சரிவில் பூண்டுதான் எல்லாம். ஊருக்கு மேலே உள்ள படிகளுக்குப் பட்டா கிடையாது. தாத்தா காலத்திலிருந்து அனுபவத்தில் இருக்கிற நிலம். அப்பா இறந்தபின் அதை அண்ணனும் நானும் வாய்ப்பேச்சாகவே பிரித்துக்கொண்டோம். ஓடையை ஒட்டிய கடைசிப் படி என் பங்கு, மற்றதெல்லாம் அவனுக்கு. அந்தப் படிகள் போனால் அவனுக்கும் அண்ணிக்கும் வேறு பிழைப்பில்லை. கொடைக்கானல் விடுதியில் போர்வை மடிக்கப் போகவேண்டியதுதான். அண்ணனுக்குக் குனிந்து வெட்டத் தெரியும், குனிந்து வணக்கம் போடத் தெரியாது.

ஒரு மாசிக் காலையில் அவன் கூப்பிட்டான். அங்கே பூண்டு வெட்டப் பதமான நேரம்.

"பாப்பா, வெள்ளனே ஆளுக வந்து நம்ம படியில செவப்புக் கம்பு ஊண்டிட்டாய்ங்க. குழியும் தோண்டுறாய்ங்க. பூண்டு உள்ள கெடக்கு, அதுமேலயே மம்பட்டியப் போடுறாய்ங்க."

"யாருண்ணே? ஃபாரஸ்ட்டா?"

"இல்ல, மரம் நடுற கம்பெனியாம். கேட்டா, இது கைவிட்ட நெலம், தரிசுங்கறாய்ங்க. மேல இருந்து பாத்தாகளாம். மேலன்னா எங்கடா, கொடைக்கானலான்னு கேட்டேன். ஆகாசத்துல இருந்தாம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கோபம் வந்தால் கத்துகிறவன் அவன், அன்று சிரித்தான்.

விசாரித்தேன். குளிர்நாட்டுக் கம்பெனிகள் தாங்கள் விடும் புகைக்குப் பரிகாரமாக வேறெங்கோ மரம் நடக் காசு கொடுக்கின்றன. எங்கே நடுவது? யாரும் உழாத மலைச்சரிவில். அது எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம் சொல்கிறது. வெள்ளாமை நிலம் பச்சை, கைவிட்ட நிலம் சாம்பல். பூம்பாறையின் மேல்படிகள் முழுக்கச் சாம்பல். அந்த வரைபடத்தைச் செய்த நிறுவனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில். கால்வாய்க் கரையில், கண்ணாடிக் கட்டடத்தில். அவர்களைப் புகழ்ந்து நான் எழுதிய பத்தி ஒன்று அவர்கள் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. என் கண்ணை என் விரலாலேயே குத்திக்கொண்ட கதை.

தவறு எங்கே என்று எனக்கு உடனே விளங்கியது. எங்கள் மலையில் ஆண்டில் பெரும்பகுதி மேகம் மூடியிருக்கும். செயற்கைக்கோள் வரும், மேகத்தைப் படம் பிடிக்கும், போய்விடும். வானம் சுத்தமாகத் திறப்பது தையும் மாசியும். பூண்டுத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்து, தண்ணீரையும் நிறுத்திவிட்டு நாங்கள் வெட்டுக்குக் காத்திருப்பதும் அப்போதுதான். பச்சையாக இருந்தபோதெல்லாம் பார்க்க முடியாதவர்கள், பழுத்தபோது வந்து பார்த்துவிட்டு ஆண்டு முழுவதும் அங்கே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்கள். பள்ளியில் படித்தபோது, கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கிற ஆய்வகத்துக்கு எங்களை ஜீப்பில் கூட்டிப்போனார்கள். அன்று ஒரே மூட்டம். தொலைநோக்கி வழியாகக் காகிதத்தில் விழவேண்டிய சூரிய பிம்பம் விழவில்லை. எனக்கு அழுகை வந்தது. அங்கிருந்தவர் அன்றைய குறிப்பில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: மேகம். சூரியன் இல்லை என்று எழுதவில்லை. இந்த வரைபடத்தில் பச்சைக்கும் சாம்பலுக்கும் இடம் இருந்தது, பார்க்கவில்லை என்று சொல்ல மட்டும் ஒரு நிறம் இல்லை.

இதை அந்த வரைபட நிறுவனத்தின் தலைவரிடமே சொன்னேன். ஒரு தேநீர் விருந்தில், கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தவரை நிறுத்தி, பூண்டு, மேகம், மாசி, அண்ணன், கம்பு என எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு, இவ்வளவு பெரிய உலகத்தில் ஓரங்களில் சில பிழைகள் இருக்கத்தான் செய்யும் என்றார். பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "யாமர்" என்றார்.

தொட்டிச்செடிக்குச் சொல்லும் வார்த்தை. என் அண்ணனுக்கு.

அங்கேயே முடிவு செய்தேன். என் பத்திரிகை ஆசிரியை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வாசகர்களுக்கு ராக்கெட் வேண்டும், பூண்டு வேண்டாம் என்றார். ராக்கெட்டையே தருகிறேன், அந்தத் தலைவரைப் பற்றியே பெருமையாக ஒரு கட்டுரை என்றேன். தலைவருக்கும் வாயெல்லாம் பல். கட்டுரைக்கான முதல் சந்திப்பில் தன் பிள்ளைப் பருவம் பற்றிக் கரைந்து பேசினார். துலிப் கிழங்கு விளைவிக்கும் குடும்பமாம். அண்ணன் இன்னும் கடலோர மணல்மேட்டை ஒட்டி அதே நிலத்தில் பாடுபடுகிறாராம். வரைபடத்தைத் திறந்து அந்த வயலைக் காட்டி, "என் கால் இன்னும் அந்த மண்ணில்தான் இருக்கிறது" என்றார். அன்பாகக் கேட்டுக்கொண்டேன். துலிப்பும் பூண்டு மாதிரிதான். பூ கொய்தபின் தாள் மஞ்சளாகிச் சாயும், அதற்குப் பிறகுதான் கிழங்கு தோண்டுவார்கள். ஜூன் மாதத்தில் மேலேயிருந்து பார்த்தால் அதுவும் செத்த நிலம்தான். ஆனால் அவர்கள் வரைபடத்தில் அது பச்சை. இங்கே எந்த வயலில் என்ன விளைகிறது என்று விவசாயி அரசாங்கத்துக்குச் சொல்கிறார், வரைபடக்காரர்கள் அதைக் கேட்டுக்கொள்கிறார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

ஜூன்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எவரும் இலவசமாக எடுக்கக்கூடிய செயற்கைக்கோள் படங்களில் இரண்டை எடுத்தேன். ஒன்று மேகம் அபூர்வமாக விலகிய ஒரு நாளில் பச்சையாகத் தெரிந்த எங்கள் மேல்படி, ஒன்று அவர் அண்ணன் வயல். வரப்போ வாய்க்காலோ தெரியாதபடி நறுக்கி, ஒரே அளவில் அச்சடித்து மேசைமேல் வைத்தேன். பத்திரிகையின் புகைப்படக்காரர் பக்கத்தில் நின்றார்.

"இதில் ஒன்று கைவிடப்பட்ட நிலம். எது என்று சொல்ல முடியுமா?"

தலைவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "இதற்கு மென்பொருளே வேண்டாம்" என்று சிரித்தபடி விரலை வைத்தார். புகைப்படக்காரர் அழுத்தினார்.

"அது உங்கள் அண்ணன் வயல்" என்றேன். "போன வாரம் எடுத்தது. கிழங்கு உள்ளேதான் இருக்கிறது."

அவர் விரலை எடுக்க மறந்துவிட்டார். காது மடல் சிவந்தது. இது நியாயமான ஆட்டம் இல்லை என்றார். இல்லைதான். நான் குறிப்பேட்டை மூடிவிட்டு, எத்தனையோ மாதமாக வாயிலேயே வைத்திருந்த வார்த்தையைச் சொன்னேன்: "யாமர்."

அந்த விரல் முழுப்பக்கத்தில் அச்சானது. நிலத்தில் குழி தோண்ட உதவும் எந்த வரைபடமும் முதலில் அந்த நிலத்தில் நிற்பவரைக் கேட்கவேண்டும், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஒரு நிறம் வேண்டும் என்று எழுதினேன். கடிதங்கள் வந்தன. வில்மா அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு கட்டடம் முழுக்கக் காட்டினார். இந்தத் துறைக் கூட்டங்கள் சிலவற்றுக்கு எனக்கு இப்போது அழைப்பு வருவதில்லை. அதற்காக ஒரு வேளைச் சோற்றைக்கூடக் குறைத்துச் சாப்பிடவில்லை. மரக் கம்பெனி பூம்பாறையிலிருந்து நடையைக் கட்டியது.

"கம்ப அப்பிடியே போட்டுட்டு ஓடிட்டாய்ங்க பாப்பா" என்றான் அண்ணன். "அதுல கயித்தக் கட்டி இந்த வெட்டுப் பூண்டத் தொங்கவிட்டிருக்கேன். நல்லாக் காயுது." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, அந்தாளோட அண்ணன் வயலப் போட்டுக் காமிச்சியாமே. அவரு என்ன பாவம் பண்ணாரு?" என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. உனக்காகத்தானே செய்தேன் என்று கத்தினேன். "செரி செரி, சோலியப் பாரு" என்று வைத்துவிட்டான்.

போன வாரம் திருத்திய வரைபடம் வெளியாயிற்று. பழிவாங்கியதை ருசித்துப் பார்க்க, காப்பியும் கையுமாக உட்கார்ந்து பூம்பாறையைப் பெரிதாக்கினேன். மேல்படிகள் எல்லாம் பச்சை. ஓடைப் பக்கம் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு சாம்பல் துண்டு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இந்த ஜென்மங்கள் திருந்தாது, அடுத்த இதழில் தோலை உரிக்கிறேன் என்று முடிவு கட்டிக்கொண்டு, விவரம் கேட்க அண்ணனைக் கூப்பிட்டேன். அந்தப் படியில் இந்த வருஷம் என்ன போட்டிருந்தாய், எப்போது வெட்டினாய் என்று வேகமாகக் கேட்டேன்.

"அதுலயா? அதுல ஒண்ணும் போடல."

"ஏண்ணே?"

"அது ஒன் பங்குல்ல பாப்பா. நீ போனதுல இருந்து நான் மம்பட்டி வைக்கல. தங்கச்சி பங்கத் தின்னுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிறக் கூடாதுல்ல. நீ வந்து போட்டுக்கன்னு விட்டுவச்சிருக்கேன். புல்லு மொளச்சுக் கெடக்கு."

 "வெரசா ஒரு தடவ வந்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

வரைபடம் இன்னும் திறந்தே இருந்தது. அந்தச் சாம்பல் துண்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் சாம்பலாகவே இருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவர்கள் சரியாகப் பார்த்திருக்கிறார்கள். கைவிடப்பட்டது. திருத்தக் கேட்டு எழுத எனக்கு முகமில்லை. தலைவருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தைதான். எழுந்து பால்கனிக்குப் போனேன். வில்மா தன்னிடமிருந்த சாவியோடு படியேறி வந்து, பூவாளியைச் சாய்த்து, யாரும் கேட்காமலே நான் மறுபடி நட்டிருந்த தொட்டிப் பூண்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது தளதளவென்று பச்சையாக நின்றது.