இரண்டு குரலில் எண்ணியவள்

அந்தப் போர் விமானத்தைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முடி வெட்டுகிறவருக்கு ஒரு கருத்து, பல் பிடுங்குகிறவருக்கு ஒரு கருத்து. பதினாலு வருஷமாக 'இதோ வருகிறது, அதோ வருகிறது' என்று சொல்லி, செலவு மூன்று மடங்காகி, வைத்த கெடு ஒவ்வொன்றும் வாய்தா வாங்கிக்கொண்டே போனால் யாருக்குத்தான் கருத்து வராது? ஆனால் அந்தப் பதினாலு வருஷமும் அந்த விமானத்துக்காக வேலை பார்த்த ஒருத்திக்கு மட்டும் அதைப் பற்றி ஒரு கருத்தும் கிடையாது. வேலை செய்யும் இடத்தில் அவளை மடிப்பக்கா என்பார்கள்.

விமானம் கைவிட்டுவிட்டால் விமானி இருக்கையோடு வெளியே எகிறுவார். அப்போது அவர் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு பாராசூட் விரிய வேண்டும். அந்தப் பாராசூட்டை மடித்துப் பொட்டலமாகக் கட்டி, முத்திரை வைத்து, கூடவே போகும் அட்டையில் கையெழுத்துப் போடுவதுதான் மடிப்பக்காவின் வேலை. ஒரு மடிப்புக்கு ஆறு மாச ஆயுள். ஆறு மாசம் பயன்படாமல் இருந்தால் பிரித்து, தொங்கவிட்டு, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடிக்க வேண்டும். விமானம் பறந்ததா, கொட்டகையில் தூங்கியதா என்பதெல்லாம் துணிக்குத் தெரியாது. இந்த விமானம் பெரும்பாலும் தூங்கியது. அதனால் அவள் அதே நாற்பது பாராசூட்டுகளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். எதில் எந்த மூலையில் ஒட்டுத்தையல் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அவளுடைய அறையில் ஜன்னல் கிடையாது. பதினாறு எட்டு வைத்தால் தாண்டுகிற நீளத்துக்கு ஒரு மேஜை. துணிக்கு ஈரம் ஆகாது என்பதால் எந்நேரமும் குளிர். கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கை நீளமாக இருக்கிறதென்று முனையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்வாள். சுவரில் ஒரு பலகை. அதில் பதினேழு கருவிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதே வடிவத்தில் சிவப்பாக வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். கருவி ஏதாவது பொட்டலத்துக்குள் மாட்டிக்கொண்டால் பாராசூட் விரியாது, ஆள் பிழைக்க மாட்டார். அதனால் வேலை முடிந்ததும் இரண்டு பேராக எண்ண வேண்டும் என்பது விதி. ஒருவர் பெயர் சொல்ல, மற்றவர் "இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

அந்த மற்றவரை மூன்று வருஷத்துக்கு முன்னால், செலவைக் குறைக்கிறோம் பேர்வழி என்று வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். கோடி கோடியாகப் போகிற திட்டத்தில் அவர்களுக்குக் கண்ணில் பட்டது அந்த ஒரு சம்பளம்தான். ஒருவரே இரண்டு முறை எண்ணினால் போதும் என்று கடிதம் வந்தது. மடிப்பக்கா விதியை அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. தன் குரலில் "கத்தரி?" என்று கேட்பாள். கொஞ்சம் கட்டைக்குரலில் "இருக்கு" என்று பதில் சொல்வாள். முதலில் அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. சில நாளில் அந்தக் கட்டைக்குரலைத் தவிர வேறு யாருமே அவளிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் பழைய விமானங்களுக்கு மடிக்கிறார்கள். அந்தச் சுவரில் ஆறு போட்டோ உண்டு. பாராசூட்டால் பிழைத்த விமானி, தனக்கு மடித்துக் கொடுத்தவரைத் தேடி ஒரு கேக் பெட்டியோடு வருவார், சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார், அதை மாட்டிவிடுவார்கள். அது அந்தத் தொழிலின் வழக்கம். மடிப்பக்காவின் அறையிலும் தச்சர் ஆரம்பத்திலேயே ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். பதினாலு வருஷமாக அது வெறும் ஆணி. யாராவது வந்து கதவைத் தட்ட மாட்டார்களா என்று சில நேரம் தோன்றும். தட்ட வேண்டுமென்றால் முதலில் ஒருவர் வானத்திலிருந்து விழ வேண்டும். புத்தி போகிற போக்கைப் பார் என்று தன்னையே திட்டிக்கொண்டு மேஜைக்குத் திரும்புவாள்.

ஓய்வு பெற மூன்று மாசம் இருக்கும்போது அது நடந்தது. வெள்ளிக்கிழமை நாடாளுமன்றக் குழு வரப்போகிறது. விமானம் போருக்குத் தயாரா, இல்லையா என்று நேரில் பார்த்துவிட்டு, திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்று சொல்லப்போகிறார்கள். அன்று பறக்கிற இரண்டு விமானங்களுக்கும் புதன்கிழமை இரண்டு பொட்டலம் கட்டி அனுப்பினாள். சாயங்காலம் பலகைக்கு முன்னால் நின்று எண்ணினாள்.

"சின்னக் கொக்கி?"

கட்டைக்குரல் வரவில்லை. பலகையில் கொக்கி வடிவில் சிவப்பு தெரிந்தது.

மேஜைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தாள். மேலங்கியை உதறினாள். தலைமுடியைக்கூட அவிழ்த்துப் பார்த்தாள். தீக்குச்சி கனத்தில், விரல் நீளம்கூட இல்லாத ஒரு கொக்கி. கிடங்கில் கேட்டால் இன்னொன்று தருவார்கள், மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஐந்து நிமிஷம் அப்படி நினைத்துப் பார்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு போனை எடுத்துப் பிரிவு அதிகாரியிடம் சொன்னாள். அந்தப் பதற்றத்தில், வழக்கமாக அறையிலேயே கழற்றி வைக்கும் ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இரண்டு விமானங்களின் மேல்மூடியைக் கழற்றி, இருக்கைகளை வெளியே தூக்கி, பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஒன்றும் இல்லை. அப்படியானால் விமானத்துக்குள் விழுந்திருக்கும் என்று அடித்தளம் வரை பிரித்தார்கள். வெள்ளிக்கிழமை வந்த குழு, வெறும் கொட்டகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மடிப்பக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு தம்பி வீட்டில். தனியாக இருக்கிற அக்காவுக்கு வாரத்தில் ஒரு வேளை துணையோடு சாப்பாடு. தம்பி பூகோள வாத்தியார். அவன் பெண்டாட்டியின் அண்ணனும் வருவார், மருந்துக்கடை வைத்திருக்கிறவர். மைத்துனர்கள் இருவருக்கும் அந்த விமானம் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. அக்கா ராணுவத் துணி தைக்கும் இடத்தில் தையல் வேலை பார்க்கிறாள் என்று அவர்களுக்கு நினைப்பு. வேலையைப் பற்றி வெளியில் வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள், திருத்தியதில்லை.

"பதினாலு வருஷம், மச்சான்," என்றான் தம்பி. "என் பையன் பொறந்தப்ப ஆரம்பிச்சது. அவனுக்கு மீசை முளைச்சாச்சு, இது இன்னும் தவழுது."

"நல்ல பொருளுக்கு நாள் ஆகத்தான் செய்யும், மாப்பிள்ளை," என்றார் மருந்துக்கடைக்காரர். "அவசரப்பட்டு நாலு பேர் செத்தா நீங்கதான் முதல்ல கேள்வி கேப்பீங்க."

"இந்தக் காசுக்கு நூறு ஆஸ்பத்திரி கட்டலாம். குழு வந்து நிக்குது, பாதுகாப்புக் காரணத்தால பறக்கலையாம். சண்டை வந்தா எதிரிகிட்டயும் அடுத்த வெள்ளிக்கிழமை வான்னு சொல்லுவாங்களா?"

"எவனோ ஒரு தடிமாடு வேலையைக் கெடுத்திருப்பான். அதுக்கு விமானம் என்ன பண்ணும்?"

தம்பி பெண்டாட்டி, "அண்ணி, நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே," என்றாள். மடிப்பக்கா தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, நாற்காலியில் நாலு நாளாகக் கிடந்த ஸ்வெட்டரை வாளியில் போடப்போனாள். கையின் மடிப்பை நிமிர்த்தியபோது விரலில் ஏதோ குத்தியது. கம்பளி நூலில் மாட்டிக்கொண்டு சின்னக் கொக்கி. உலகத்து மடிப்பையெல்லாம் பார்த்தவள் தன் கை மடிப்பைப் பார்க்கவில்லை. ஈர வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். என்னவென்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் அது சீக்கிரமே முடிந்துபோனது.

திங்கட்கிழமை காலை கொக்கியை ஒரு உறையில் போட்டு அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள். அவர் மோசமான மனிதர் இல்லை, நாலு நாளாகத் தூங்காத மனிதர். உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல கிடைச்சதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"உங்ககிட்டதான் சார்."

"அப்ப கேளுங்க. பொட்டலத்துக்குள்ள இருந்துச்சுன்னு எழுதிடலாம். நீங்க சொன்னதால ஒரு உயிர் தப்பிச்சுதுன்னு ஆகும். தாமதத்துக்கும் காரணம் கிடைச்சுடும். குழு வாயை மூடும். ஓய்வு பெறும்போது உங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் நான் வாங்கித் தர்றேன்."

மடிப்பக்கா யோசித்தாள். பாராட்டு என்றால் யாருக்கும் ஆசைதான், அவளுக்கும் ஆசைதான்.

"பொட்டலத்துக்குள்ள ஒண்ணும் இல்லையே சார்," என்றாள். "இருந்துச்சுன்னு எழுதினா, நான் இதுவரைக்கும் கட்டின எல்லாத்துலயும் இருக்கலாம்னு ஆயிடும். மேல போறவர் அந்தச் சந்தேகத்தோடயா போகணும்?"

"உண்மையை எழுதினா நாலு நாள் வேலை உங்க மறதியால வீணாச்சுன்னு பேப்பர்ல வரும். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை குழு மறுபடி வருது. உங்க கையெழுத்துப் போட்ட பொட்டலம் வேண்டாம்னு விமானி சொல்லலாம், விதியில இடம் இருக்கு. கம்பெனியே கட்டி அனுப்பின நாலு பொட்டலம் கிடங்குல இருக்கு, அதுல ஒண்ணை எடுத்துக்குவார். பதினாலு வருஷம் மடிச்சிட்டு, கடைசியில உங்க பொட்டலத்தை ஓரமா வெச்சிட்டுப் போனா, உங்களுக்கு எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும் சார். நடந்ததை எழுதுங்க," என்றாள்.

நடந்ததை எழுதினார்கள். பிரித்த இரண்டையும் அவளே மறுபடி மடித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி பேப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தான். ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் கருவி ஒன்று அவருடைய ஸ்வெட்டரில் வீட்டுக்குப் போய்விட்டது என்று போட்டிருந்தது.

"ஸ்வெட்டர்ல," என்ற தம்பிக்குச் சிரிப்பில் புரையேறியது. "உலகத்திலேயே விலை ஜாஸ்தியான விமானத்தை ஒரு ஸ்வெட்டர் கீழே இறக்கிடுச்சு, மச்சான்."

மருந்துக்கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினாலு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று சிரித்தது அன்றைக்குத்தான்.

"அது என் ஸ்வெட்டர்," என்றாள் அக்கா.

பேப்பரில் வந்ததைத் தாண்டி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. தம்பி வாயில் வைத்த கையோடு அவளைப் பார்த்தான். கூடப் பிறந்தவளை முதல் தடவை பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

மருந்துக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. அது சண்டைக்குத் தயாரா, இல்லையா?"

"சண்டையைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "விழறதுக்குத் தயார். விழுந்தா உள்ள இருக்கிற ஆள் பிழைப்பார். அது வரைக்கும்தான் என் பொறுப்பு."

தம்பி பேப்பரை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தான். தம்பி பெண்டாட்டி அக்கா தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள், அக்கா வேண்டாமென்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைக்கு மேல் சத்தம் கேட்டது. ஜன்னல் இல்லாத அறையில் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், வழக்கம்போலக் கூரைதான் தெரிந்தது. யாருடைய பொட்டலம் போகிறது என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் மனசு வரவில்லை. சத்தம் தேய்ந்து, திரும்பி வந்து, நின்றது. குழு என்ன சொன்னது என்று ஊர் அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டது. சிலர் ஜெயித்தோம் என்றார்கள், சிலர் இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள்.

புதன்கிழமை காலை கொட்டகையிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே ஒரு அட்டை, கீழே அவள் கையெழுத்து. அதற்கு மேல், நாற்பது அட்டைகளிலும் அவள் அநேகமாகக் காலியாகவே பார்த்துப் பழகிய கட்டங்களில், யாரோ நீல மையில் நிரப்பியிருந்தார்கள். பறந்த நேரம், நாற்பத்தொரு நிமிடம். குறிப்பு என்ற இடத்தில், 'விவரம் அறிந்து, நானே கேட்டு வாங்கினேன்.' விமானியின் கையெழுத்து புரியவில்லை. யார், எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. கதவைத் தட்டவும் மாட்டார், தட்டக் காரணம் இல்லை.

அட்டையைக் கோப்பில் வைக்க வேண்டும், அதுதான் விதி. வைப்பதற்கு முன்னால் வெறும் ஆணிக்குக் கீழே நின்று, 'பயன்பட்டதா' என்ற கடைசிக் கட்டத்தை வாய்விட்டுப் படித்தாள். காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை.

"பயன்பட்டதா?" என்று தன் குரலில் கேட்டாள்.

"பயன்படவில்லை," என்றது கட்டைக்குரல்.

"ஆள்?"

"இருக்கு."