பூக்கடைப் பலகையும் எங்கள் தையலும்

ஜெர்மனியின் எசன் நகரில் நாங்கள் தையல் கடை திறந்தபோது, அங்கே முன்பிருந்த பூக்கடையின் பெயர்ப்பலகையை மாற்ற வசதி இருக்கவில்லை. 'பூக்கள்' என்று ஜெர்மன் மொழியில் கொட்டை எழுத்தில் எழுதிய அந்தப் பலகைக்குக் கீழேதான் நான் காற்சட்டைகளுக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பூக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், என் கணவர் ஒரு வாளியில் ரோசாவும் துலிப்பும் வாங்கி வைக்கத் தொடங்கினார்.

பிறகு ஒருமுறை, எங்கள் தெருக் கடைகள் புதிய பெயர்ப்பலகை வைக்க நகரசபை பாதிச் செலவைத் தருவதாக அறிவித்தது. நாங்களும் விண்ணப்பித்தோம். கடையைப் பார்க்க வந்த அதிகாரி, பலகையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்.

"தையல் கடை எண்டு மட்டும் எழுதினால் காணும்," என்று கணவரிடம் சொன்னேன். "இனியாவது சனம் எங்கடை தொழிலைத் தேடி வரட்டும்."

"அப்ப பூவுக்கு வாறவை எங்கை போறது? அதையும் போடுவமப்பா," என்றார் அவர். எனக்குச் சினம் ஏறியது.

அந்நேரம், திருத்தக் கொடுத்த மேலங்கியை வாங்க ஒரு பெண் வந்தார். இந்தக் கடையை எப்படித் தெரியும் என்று அதிகாரி அவரிடம் விசாரித்தார். முதலில் பூ வாங்க வந்ததாகவும், உள்ளே தையல் இயந்திரத்தைக் கண்டு மறுநாளே துணியோடு திரும்பியதாகவும் அவர் சொன்னார். யோசித்துப் பார்த்தால், என் வாடிக்கையாளர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

"சரி, பூவையும் எழுதச் சொல்லுங்கோ," என்றேன்.

புதுப் பலகை மாட்டிய வாரமே ஓர் இளம்பெண் தன் கல்யாண உடுப்பை அளவாக்கித் தரக் கேட்டு வந்தாள். போகும்போது, கல்யாணத்தன்று கையில் பிடிக்கப் பூச்செண்டும் சொல்லிவிட்டுப் போனாள்.