காசி அல்வாவுக்குப் பின்பக்கம்

கோடை விடுமுறைக்குப் புத்தகம் எடுப்பது எங்கள் வீட்டில் லேசான காரியம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கூடத்தில் ஒரு மர அலமாரி இருந்தது. அதில் பாதி கடையில் வாங்கிய புத்தகங்கள். மீதிப் பாதி, வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகள். வாராவாரம் கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் தெப்பக்குளத்துப் பக்கம் ஒருவரிடம் கொடுத்து பைண்டு செய்து வாங்கி வைப்பார்கள். கதைக்கு நடுவே திடீரென்று தலைவலி மருந்து விளம்பரம் வரும், பாதி நகைச்சுவைத் துணுக்கு வரும். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்.

என் வீட்டுக்காரர் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மே மாதம் பிறந்ததும் அவரும் நானும் என் மாமியாரும் மருங்காபுரிக்குப் பக்கத்தில் மாமியாரின் தம்பி வீட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்குவோம். மூவருக்கும் ஒரே டிரங்குப் பெட்டி. துணிமணியும் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகும் சாமானும் வைத்த பிறகு ஆளுக்கு ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கும். மே மாதத்தில் அந்தப் பக்கம் வெயிலையும் புழுதிக் காற்றையும் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. புத்தகத்தைத் தப்பாக எடுத்துவிட்டால் இருபத்தொரு நாளும் அனுபவிக்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் வருஷாவருஷம் ஒரே புத்தகத்தைத்தான் எடுப்பார். தலையணை மொத்தத்தில் ஒரு சரித்திரப் புத்தகம். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கும். மூன்று வாரம் கழித்து ஊர் திரும்பும்போதும் அங்கேயேதான் இருக்கும்.

மாமியார் எடுப்பது சமையல் புத்தகம். அதைப் பார்த்து அவர் ஒரு நாளும் சமைத்ததில்லை. எல்லோரும் கதை படிக்கிற மாதிரி அவர் சமையல் புத்தகம் படிப்பார், எழுதியவரோடு சண்டையும் போடுவார். "கால் ஸ்பூன் பெருங்காயமாம். யாரு வாய்க்குக் காணும்?" என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குரல் கேட்டால், மாமியார் சாம்பார் அத்தியாயத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் கொலைக் கதைக்காரி. அதற்குக் காரணம் என் பிறந்த வீடு. காந்தி மார்க்கெட்டில் அப்பாவுக்கு மளிகைக் கடை இருந்தது. பொட்டலம் மடிப்பதற்குப் பழைய பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர நான் படித்ததெல்லாம் அந்தத் தாள்களைத்தான். ஒருவன் கத்தியை ஓங்குவான், அதோடு தாள் முடிந்துவிடும். அடுத்த தாளில் வேறு யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். கத்தி யார் மேல் இறங்கியது என்று நானே நாள் முழுக்க யோசித்து முடிவு கட்டிக்கொள்வேன். ஆகவே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒழுங்காக இருக்கிற கதைகள் ஓர் அலமாரி நிறைய இருக்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதில், மாப்பிள்ளையைப் பார்த்து வந்த சந்தோஷத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷமே எனக்கு இருந்தது. இதை அவரிடம் சொன்னதில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது கல்யாணமான முதல் கோடையில். என் வீட்டுக்காரரின் அக்காவை நாக்பூரில் கொடுத்திருந்தார்கள். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த மே மாதம் அவர் இரண்டு பிள்ளைகளோடு ஸ்ரீரங்கம் வந்திருந்தார். அவர் வந்ததால் அந்த வருஷம் நாங்கள் மருங்காபுரி போகவில்லை. ஒரு நாள் நான் ஆசையாக அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தை உருவினேன். பின்னாலிருந்து அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பார்த்தும்மா. எங்க வீட்ல புஸ்தகத்தைப் படிப்போம். உங்க வீட்ல மாதிரி பொட்டலம் கட்ட மாட்டோம்."

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பிற்பாடு இல்லவே இல்லை என்று சாதித்தார், ஆனால் சிரித்ததை நான் பார்த்தேன். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா.

எனக்குக் கோபம் வருவதற்கு நேரம் ஆகும். வந்துவிட்டால் சீக்கிரம் போகாது. அப்போது பத்திரிகையில் ஒரு கொலைக் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் அண்ணிதான் முதலில் பிடுங்கி, நின்ற இடத்திலேயே நின்று படிப்பார். அதனால் அந்தக் கதையைக் கையாலும் தொடுவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன். அது முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணி நாக்பூருக்கு ரயில் ஏறினார்.

அதன் பிறகு மூன்று வருஷம் அவர் வரவில்லை. மாதம் ஒரு கடிதம் வரும். முடிவில் 'எல்லோருக்கும் ஆசீர்வாதம்' என்று இருக்கும். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் பதில் எழுதும்போது, "நீயும் ரெண்டு வரி எழுதேன்" என்று பேனாவை நீட்டுவார். எனக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதாவது பொங்கும்.

நாலாவது கோடையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். கொலைக் கதைகள் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தேன். அண்ணி படித்த அந்த ஒரே கதைதான் பாக்கி. கையை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன். மூன்று வருஷக் கோபத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று ஒரு பக்கம். இருபத்தொரு நாளைக்கு என்ன செய்வாய் என்று மறுபக்கம். கடைசியில் அதைப் புடவைகளுக்கு நடுவே யாரும் பார்க்காமல் சொருகினேன்.

நல்ல கதை. மலை மேல் ஒரு காப்பித் தோட்டம். அதன் முதலாளியை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். பங்களாவில் இருப்பவர்கள் நாலு பேர்: டாக்டர், மேனேஜர், முதலாளியின் மைத்துனர், பிடில் வாத்தியார். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்தே எனக்குப் பிடில் வாத்தியார் மேல்தான் கண். மணப்பாறையில் வாங்கிய முறுக்கு தீர்வதற்குள் பாதிக் கதையைத் தாண்டிவிட்டேன். ஆறாம் நாள் மத்தியானம் கடைசித் தாளுக்கு வந்தேன். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் கூட்டி வைத்து, "இந்தக் காரியத்தைச் செய்தவர் இதோ இங்கேதான்" என்று ஆரம்பிக்கிறார்.

அதற்குக் கீழே தாளில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டை வழியே என் மடிதான் தெரிந்தது. ஓட்டைக்குக் கீழே கதை மறுபடி தொடர்ந்து, பெயரைச் சொல்லாமல் 'அவர்', 'அவர்' என்றே போய், முற்றும் என்று முடிந்திருந்தது.

"அத்தை, இந்தத் தாளை யாரு வெட்டினது?"

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஓ, அதுவா. நான்தான். பின்பக்கம் காசி அல்வா போட்டிருந்தான். நாக்பூர்ல இருந்து உங்க அண்ணி கேட்டு எழுதியிருந்தா. பாரு, ஒரு பக்கமாவது கோணலா இருக்கா?"

கோணல் இல்லைதான். செய்முறையைச் சுற்றிக் கத்தரிக்கோலால் அளவெடுத்து வெட்டியிருந்தார். அவரைப் பொறுத்தவரை அந்தத் தாளில் உருப்படியான விஷயம் அல்வா ஒன்றுதான்.

"கொலை பண்ணினது யாருன்னு ஞாபகம் இருக்கா அத்தை?"

"பூசணிக்காயைத் துருவிப் பிழிஞ்சு, அந்தத் தண்ணியிலயே வேக வைக்கணும். அதுதான் ஞாபகம் இருக்கு."

என் வீட்டுக்காரர் அந்தக் கதையைப் படித்தவர். ரொம்ப நேரம் யோசித்து, "யாரோ வீட்டுக்குள்ளயே இருந்த ஆளுதான்" என்றார்.

இன்னும் பதினைந்து நாள் பாக்கி. மாமியாரின் சமையல் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரரின் சரித்திரப் புத்தகத்தை முழுசாக முடித்து, முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்குச் சொன்னேன். அவருக்கு அது ரொம்ப உபகாரமாக இருந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மளிகைக் கடையில் உட்கார்ந்து பாதிக் கதைகளுக்கு நானே முடிவு கட்டிய காலத்தில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. முழுக் கதைக்கு ருசி கண்ட பிறகு அது முடியவில்லை.

ஊர் திரும்பியதும் அடுத்த வீட்டில் கேட்டேன். அவர்களுக்கு டாக்டரோ மைத்துனரோ என்று சந்தேகம். பிறந்த வீட்டில் என் அண்ணனிடம் சொல்லி, அப்பா கடைக்கு வந்த பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த வாரத்து இதழ் மட்டும் இல்லை. இனி பாக்கி இருந்தது ஒரே இடம். அண்ணியிடம் இருக்கிற காசி அல்வாவின் பின்பக்கம்.

எழுதினால் என் கோபத்தை நானே முடித்து வைத்த மாதிரி ஆகும். 'பொட்டலம் கட்டுகிற வீட்டுப் பெண் ஒரு துண்டுத் தாளுக்கு அலைகிறாள்' என்று அவர் நாக்பூரில் சிரிப்பார். எழுதாவிட்டால் சாகிற வரைக்கும் எனக்குக் கொலைகாரன் தெரியாது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. எட்டாம் நாள், முடிந்தவரை முறைப்பாக ஒரு கார்டு எழுதினேன். 'அண்ணிக்கு நமஸ்காரம். அத்தை அனுப்பிய காசி அல்வா செய்முறையின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதவும்.' அவ்வளவுதான். தபால்பெட்டியில் போட்ட கையோடு, போட்டிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. நாக்பூரிலிருந்து என் பெயருக்கு வந்த முதல் கடிதம். வாசலிலேயே நின்று பிரித்தேன்.

'உனக்கு என் ஆசீர்வாதம். அல்வாவை நான் கிளறவே இல்லை. வாராவாரம் அந்தக் கதை முடிகிற பக்கத்துக்குப் பின்னால்தான் சமையல் பகுதி வரும் என்று எனக்குத் தெரியும். இங்கே தமிழ்ப் பத்திரிகை கண்ணில் படாது. இரண்டு பிள்ளை பெற்றவள் கொலைக் கதைக்கு அலைகிறாள் என்று அம்மா சொல்வாள். அதனால்தான் கடைசி வாரத்துச் செய்முறை வேண்டும் என்று எழுதினேன். முழுத் தாளையும் அனுப்புவாள் என்று பார்த்தால் அளவெடுத்து வெட்டி அனுப்பினாள். யார் செய்தது என்று என்னிடம் இருக்கிறது. ஏன் செய்தார் என்பது உங்கள் அலமாரியில் இருக்கிறது. மூன்று வருஷமாக உன்னைக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? சொன்னது தப்பு. இப்போது நான் வைத்திருப்பதும் ஒரு பொட்டலத் தாள்தான். ஏன் என்று நீ எழுது. யார் என்று நான் எழுதுகிறேன்.'

மூன்று வருஷக் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. கொஞ்சம் அழுதேன். இந்தத் தடவை வெங்காயம் தேவைப்படவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால், மழை கொட்டிய ஒரு நாளில், காய்ச்சலில் கிடந்த தன் குழந்தையைக் கீழே ஊருக்குக் கொண்டுபோகக் கொலை செய்தவர் முதலாளியின் காரைக் கேட்டார். சீட் நனைந்துவிடும் என்று முதலாளி மறுத்துவிட்டார். குழந்தை போய்விட்டது. இதுதான் ஏன். அண்ணியின் பதிலில் யார் என்று வந்தது. மேனேஜர். கதை முழுக்க முதலாளிக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறவர், நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படாத ஆள். தனித்தனியாக இருந்தவரை அது புதிர். இரண்டும் சேர்ந்ததும் அந்த மனுஷர் மேல் பரிதாபம்தான் வந்தது. அண்ணியும் அப்படித்தான் எழுதியிருந்தார்.

அடுத்த கோடையில் அண்ணி வந்தபோது பர்ஸில் அந்தத் துண்டுத் தாள் இருந்தது. இருவருமாகச் சேர்ந்து மைதா பசை காய்ச்சி, ஓட்டையில் பொருத்தி ஒட்டினோம். "பார்த்து ஒட்டுங்க, அல்வா மேல பசை படாம" என்று மாமியார் பக்கத்திலேயே காவல் இருந்தார். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே, வீட்டுக்குள்ள இருந்த ஆளுன்னு" என்றார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அண்ணி அலமாரி முன்னால் வந்து நின்றார். கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் ரயில்ல போகணும். எனக்கு ஒண்ணு நீயே பார்த்து எடுத்துக் குடும்மா. நீ எடுத்தா நல்லா இருக்கும்."

அலமாரியில் இருந்ததிலேயே நல்ல கொலைக் கதையை எடுத்தேன்.

"கடைசித் தாள் இருக்கான்னு பார்த்துக்கோ" என்றார்.

"இருக்கு அண்ணி" என்றேன். அப்போது இருந்தது.

அவர் குளிக்கப் போனதும் பிளேடால் அந்தத் தாளைப் பதமாக அறுத்தெடுத்து, மாமியாரின் சமையல் புத்தகத்துக்குள் வைத்தேன். கொலைக் கதைப் புத்தகத்தை ஒரு துணியில் சுற்றி அண்ணியின் பெட்டியில் நானே வைத்தேன். எட்டாம் நாள் நாக்பூரிலிருந்து கடிதம் வந்தது, என் பெயருக்கு.