சர்க்கரைத் தண்ணீர் வைக்க வந்த பொறுமைசாலி

போன வாரம் நான் அப்பாவானேன்! பெண் குழந்தை. இதை எழுதும்போதுகூடப் பேனா ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது... எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக்கோர்க்கும் நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரசவம் மரக்காணத்தில், என் மாமியார் வீட்டில். நர்ஸம்மா குழந்தையைத் துடைத்து என் மனைவி கமலா பக்கத்தில் போட்டார். "லேட் பண்ணாம மார்ல போடுங்க. சக்கரத் தண்ணி, தேனு, ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, எக்கியார்குப்பத்தில் இன்னொரு பிரசவம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம் — வீட்டில் சட்டசபை கூடிவிட்டது!

"சீம்பாலு புள்ளைக்கு ஆவாது. மஞ்சளா, கெட்டியா... அத்தப் பீச்சிக் கீழ ஊத்திட்டு, மூணாம் நாளு பாத்துக்கலாம்" என்றார் மாமியார். அதுவரை? சர்க்கரைத் தண்ணீர்தான். அதை முதன்முதலில் யார் நாக்கில் தொட்டு வைக்கிறாரோ, அவர் குணம்தான் குழந்தைக்கு வருமாம்.

ஆக, குழந்தையின் பசியை விட்டுவிட்டார்கள். யாருடைய குணம் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரு வைக்கட்டும். ஹெட்மாஸ்டரு!" — இது திண்டிவனத்திலிருந்து வந்திருந்த என் அக்கா.

"எங்கண்ணன்தான் வைக்கணும். ஜென்மத்துல ஒருத்தர அதட்டிப் பேசுனதில்ல" — இது மாமியார். அண்ணன் என்றால் கன்னியப்பன் மாமா, உப்பளத்தில் மேஸ்திரி.

குழந்தையோ வீல்வீலென்று அழுகிறது. கமலா என் கையைப் பிடித்தாள். "என்னாங்க, நர்ஸம்மா சொன்னதக் கேட்டீங்கல்ல? புள்ள பசியில கத்துது. எங்கம்மாகிட்ட சொல்லுங்க."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மாப்ள, சைக்கிள எடுத்துக்கினு போயி அண்ணனக் கூட்டிக்கினு வாங்க" என்றார் மாமியார். மாமியார் சொல்லி எந்த மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்? மிதித்தேன்!

உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைப் பறித்தன. விஷயத்தைச் சொன்னதும், "மகாலட்சுமி மாப்ள!" என்று துள்ளிக் குதித்து, உப்பு ஒட்டிய காலோடு கேரியரில் ஏறிக்கொண்டார் மாமா. வழியெல்லாம் இரண்டு பேரும் காரணமே இல்லாமல் சிரித்தோம். எதிர்க்காற்றில் பெடல் மிதித்ததே தெரியவில்லை.

வீட்டில் கிண்ணம் ரெடி. மாமா கைகால் கழுவிக்கொண்டு, பயபக்தியோடு விரலைத் தோய்த்து, முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"த்தூ!"

உப்பு! மற்ற ஊர்களில் கல்லுப்பு, பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே, தங்கச்சி வீட்டுக்கென்று மேஸ்திரி பொறுக்கி அனுப்புகிற உப்பு பொடியாக, வெள்ளைவெளேரென்று இருக்கும். பக்கத்து டப்பாவில் ரேஷன் சர்க்கரை. அவசரத்தில் மாமியார் டப்பாவை மாற்றி எடுத்துவிட்டார்.

மாமாவின் முகம் சிவந்தது. மாமியார் பக்கம் திரும்பினார். "ஏ பரிமளா! கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? பச்சப் புள்ளைக்கு உப்புத் தண்ணியா? வாயில வச்சிருந்தா இன்னாடி ஆயிருக்கும்?"

ஜென்மத்தில் யாரையும் அதட்டாத மனிதர்! தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அக்கா சும்மா இருப்பாளா? "இவருதான் பொறுமைசாலியா? இந்தக் கொணமா எங்க புள்ளைக்கு?"

"ஒங்க ஹெட்மாஸ்டரு பெரம்பு எடுத்தா எப்பிடின்னு ஊருக்கே தெரியும்!" என்றார் மாமியார்.

அப்போதுதான் கவனித்தேன். உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

கமலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் என் மகள். கண்ணை மூடிக்கொண்டு, சப்சப்பென்று, உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

"ஐயையோ, சீம்பாலக் குடுத்துட்டியேடி!" என்று அலறினார் மாமியார்.

"மாடு கன்னு போட்டா, அதும் சீம்பால வெல்லம் போட்டுக் காச்சி, கிண்ணம் கிண்ணமாத் துன்றியேம்மா? ஒனக்கு ஆவுது, எம்புள்ளைக்கு மட்டும் ஆவாதா?"

மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் அக்கா. கடைசியில் மாமியாரே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பிறந்த உடனே தாய்ப்பால் கொடுக்க வைப்பது எப்படி என்று பெரிய மனிதர்கள் மீட்டிங் போடுகிறார்களாம். தாராளமாகப் போடட்டும். நான் பார்த்தவரையில் பாலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ரூமில் ஆள்தான் ஜாஸ்தி! தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டு, மற்றவர்கள் எல்லோரும் வாசலில் போய்ச் சண்டை போட்டால்... பாதி வேலை முடிந்தது.

கிளம்பும்போது மாமாவிடம் கேட்டேன்: "அப்ப கொழந்தைக்கு யாரு கொணம் மாமா வரும்?"

"இதுல இன்னா சந்தேகம்? மொதல்ல குடுத்தது கமலா. அவ கொணந்தான்!"

ஆக, இனிமேல் வீட்டில் நான் இரண்டு பேருக்குப் பயப்பட வேண்டும்... ஆகா, என்ன சந்தோஷம்!