மாற்றுக் கோல் கீப்பரின் அப்பா

பிள்ளைகளா, எண்பதுகளில் ஒரு தடவை ஆசிய இளையோர் காற்பந்துத் தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. மலேசியாவின் கடைசி ஆட்டத்துக்குப் எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து லோரியில் போனோம். கூட வந்தவர்களில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரும் ஒருவர். ஒல்லியான ஆள், கழுத்துப் பித்தானையும் போட்டிருந்தார். பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவர் மகன் மலேசியக் குழுவில் மாற்றுக் கோல் கீப்பர். முதல் கீப்பருக்கு அடிபட்டால்தான் அவனுக்கு இடம்.

"இன்னிக்காவது உங்க பையன் இறங்குவானா அண்ணே?" என்று கேட்டேன்.

செருமினார். "சாமிகிட்ட அதைக் கேக்க முடியல தம்பி. இன்னொருத்தர் பிள்ளை விழணும்னு கேட்ட மாதிரி ஆயிடும் லா."

இரண்டாம் பாதியில் முதல் கீப்பர் கோல் கம்பத்தில் மோதி விழுந்தான். மண்டோர் மகன் எழுந்து கையுறை மாட்டினான். லோரியில் வந்தவர்கள் எல்லாரும் அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"விழுந்த பையன் எந்திரிச்சிட்டானா, பாருங்க தம்பி."

முதல் கீப்பர் எழுந்து மறுபடி கோல் கம்பத்துக்கு நடந்ததும், "எந்திரிச்சிட்டான் அண்ணே" என்றேன்.

கண்ணைத் திறந்து பலமாகக் கைதட்டினார். அங்கே அவர் மகன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அது நிம்மதியா, வருத்தமா, எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.